மழலையர் வகுப்பறைக் கூரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் புதிய கட்டடங்கள் எழும்பிவரும் இவ்வேளையில், அவற்றின் கூரையைப் பற்றி முப்பது ஆண்டுகள் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்ட பின், பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையே கூடாது என்று முடிவெடுத்தது முற்றிலும் சரி. ஆனால், அதற்குப் பதிலாகப் பல ஊர்களில் வந்த மொட்டைக் கான்கிரீட் தளம், காலை முதல் வாங்கிய வெயிலைப் பிற்பகலில் பிள்ளைகளின் தலைமேல் இறக்குகிறது. நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில், மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சை விட்டிறங்கிச் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வார்கள். மின்விசிறியோ அனலைத்தான் சுழற்றும். முற்றத்தில் நின்ற வேம்பை அந்தக் கட்டடத்துக்காகவே வெட்டியிருந்தார்கள்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில், தாம் பிறந்த காண்டோ என்ற சிற்றூரில், கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே ஊராரைக் கொண்டே களிமண் கல்லால் கட்டி 2001-இல் முடித்த தொடக்கப் பள்ளியில், உள்தளத்துக்கு மேல் நல்ல இடைவெளி விட்டுத் தகரக் கூரையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். வெயிலைத் தகரம் ஏற்றுக்கொள்ள, அறையின் சூடு உள்தளத்துச் சந்துகள் வழியே மேலேறிக் காற்றோடு போய்விடுகிறது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளை இடையிடையே வைத்து வார்த்தார். கான்கிரீட்டும் மிச்சம், சூடும் குறைவு. நம் கொத்தனார்களுக்கு இது எட்டாத வித்தையன்று.

விளையாட்டுக்கும் இடம் வேண்டும். டோக்கியோவை அடுத்த தச்சிகாவாவில் 2007-இல் கட்டிய புஜி மழலையர் பள்ளியில் நீள்வட்டக் கூரைமேலேயே பிள்ளைகள் ஓடுகிறார்கள். முன்பிருந்த மரங்கள் வெட்டப்படாமல் கூரையினூடே வளர்கின்றன. (நம் பிள்ளைகளை மொட்டை மாடியில் ஓடவிடச் சொல்லவில்லை, நம் வெயிலுக்குக் கால் பொத்துப்போகும்.) மரத்தை விட்டுச் சற்று விலகி அடித்தளம் தோண்டினாலே போதும். மூன்றடி உயரப் பிள்ளைக்கு நான்கடியில் தொடங்கும் ஜன்னலால் பயனில்லை. அதை ஒன்றரை அடிக்கு இறக்கி, கீழ்விளிம்பைத் திண்ணைபோல் அகலமாக்கிக் கம்பி போட்டுவிட்டால், பிள்ளைகள் அதில் ஏறி அமர்ந்து மழை பார்ப்பார்கள், பல்லாங்குழி ஆடுவார்கள். மேற்குப் பக்கம் முழுவதும் தாழ்வாரம் அவசியம்.

இவை யாவும் மதிப்பீடு தயாரிக்கும்போதே சேர்க்கப்பட வேண்டியவை. வரைபடத்தை ஏற்கும் பொறியாளர்கள், ஒரு ஏப்ரல் மாதப் பிற்பகலில் இரண்டு மணி முதல் மூன்று மணி வரை, ஏற்கெனவே கட்டிய வகுப்பறை ஒன்றில் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்துவிட்டு வந்து கையெழுத்திட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.