சட்டி பாதி பாதி, போன் நம்பர் ஒராளுக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

என்ட தங்கச்சிட விவாகரத்து வழக்கு கோட்டில போய்க்கொண்டிருக்கு. ஆர் சரி ஆர் பிழை எண்டு எழுத வரல, அத நீதிபதி பாக்கட்டும். அவவும் மச்சானும் சேந்து நடத்தின சாப்பாட்டுக் கடைய நாங்க பிரிச்ச விதத்தப் பத்தித்தான் எழுதுறன், ஏனெண்டா இதே பிழைய இங்க வேற குடும்பங்களும் செய்யிறத பாக்கிறன்.

2015ல திருகோணமலை உப்புவெளியில தொடங்கின கடை. இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல். தங்கச்சிட ரெண்டு சோடி காப்பு அடகுக்குப் போய்த்தான் பிரிட்ஜும் கிரைண்டரும் வந்தது. அவ விடியப்பறம் 3 மணிக்கு எழும்பி மா குழைப்பா, மச்சான் ஆறு மணிக்கு முதல் ஆட்டோவில கெஸ்ட் ஹவுஸ் கெஸ்ட் ஹவுஸா கொண்டு போய்க் குடுப்பார், அவரும் சும்மா இருந்த மனுசன் இல்ல, அத சொல்லாட்டி பாவம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போட வெள்ளைக்காரர் வாறது நிண்டுது, அடுத்த வருசம் கொரோனா, 2022ல கேஸ் இல்லாம விறகில அவிச்சது, எல்லாத்தையும் ரெண்டு பேருமாத்தான் தாண்டினது. ஆனா பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயர் பதியக்குள்ள போட்டது மச்சான்ட பேர் மட்டும்தான். "ரெண்டு பேரும் ஒண்டுதானே" எண்டு அப்ப சொன்னதும் நான்தான்.

பிரச்சினை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில இருக்கிற மாமி போன்ல "தேடியதேட்டம் தானே பிள்ளை, பாதி வரும், பயப்பிடாத" எண்டா. தேடியதேட்டம் எண்டா கலியாணத்துக்குப் பிறகு தேடின சொத்து. அது தேசவழமை எண்ட வழமைச் சட்டத்தில வாறது, வடக்குத் தமிழருக்கு. மச்சான் பரம்பரை பரம்பரையா திருகோணமலை. தேசவழமை உள்ள பொம்பிள அது இல்லாத ஆளக் கட்டினாக்கூட கலியாணம் இருக்கும் வரைக்கும் அவவுக்கும் அது இல்ல எண்டு 1911ம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. எங்களுக்கு பொதுச் சட்டம்தான், ஆற்ற பேரில இருக்கோ அது அவற்ற. சரி, பங்காளி எண்டு கேப்பம் எண்டா போட்ட முதலீடு ஆயிரம் ரூபாக்கு மேல போனா பங்குடமை எழுத்தில இருக்கோணும் எண்டு 1840ல போட்ட சட்டம் ஒண்டு நிக்குது. ஆயிரம் ரூபாக்கு இண்டைக்கு ஒரு நல்ல சட்டி வாங்கேலாது! புருசனும் பொஞ்சாதியும் ஒப்பந்தம் எழுதிப்போட்டா இடியப்பம் அவிக்கத் தொடங்குவினம்? அவட காசில வாங்கின சாமான் எண்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தில கேக்கலாம், விவாகரத்துத் தீர்ப்பில சொத்து ஒழுங்கு செய்து குடுக்க குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 615ம் பிரிவில நீதிமன்றத்துக்கு இடமும் இருக்கு, ஆனா எதுக்கும் துண்டு வேணும். நல்ல காலம், அடகுத் துண்ட அம்மா சாமியறையில வச்சிருந்தா.

இதெல்லாம் இழுபடும், பேசித் தீர்ப்பம் எண்டு பெரியாக்கள் ரெண்டு பேர் வந்தினம். நல்ல மனுசர்தான். கடைக்குள்ள போய் எண்ணிச்சினம், இடியப்ப உரல் நாலு, தட்டு அறுவது, பிரிட்ஜ், கிரைண்டர், எல்லாம் பாதி பாதி, எல்லாருக்கும் திருப்தி. போர்டில எழுதியிருந்த போன் நம்பர் மச்சானோட போச்சு, கடன் கொப்பியும் அவர்ட்டத்தான். அத ஆரும் சாமானாவே எண்ணல. தங்கச்சி வீட்டில அடுப்ப மூட்டிப்போட்டு அடுத்த நாள் 3 மணிக்கு எழும்பி போன மடியில வச்சுக்கொண்டு இருந்தா, ஒருத்தரும் எடுக்கல. ஓடர் எல்லாம் பழைய நம்பருக்குத்தானே போகும்.

நான் இருவது வருசத்துக்கு மேல கடைக் கணக்கு எழுதினவன், எனக்கே அந்த நேரம் புத்தி வரல. கடைட பேருக்கும் வாடிக்கைக்கும் உள்ள பெறுமதிய நன்மதிப்பு எண்டு கணக்கில எழுதிறம் பாருங்க, அது அந்த நம்பரும் கடன் கொப்பியில இருந்த பதினொரு கெஸ்ட் ஹவுஸும்தான். அதோட இன்னொரு கூத்து, கணக்குப் பாத்தது டிசம்பர் மழைக்குள்ள. எங்கட பக்கம் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும், டிசம்பர்ல பாத்தா உப்புவெளியில எந்தக் கடையும் செத்த கடைதான். "இதில குடுக்க என்ன கிடக்கு" எண்டு மச்சான்ட ஆக்கள் கேட்டது அண்டைக்குப் பொய்யும் இல்ல.

பன்னிரண்டு மாசக் கணக்கும் பாக்கோணும், ஏலுமெண்டா மூண்டு வருசத்துக்கு. சாமான்காரன்ட கடன், சீட்டுக் காசு எல்லாம் கழிக்கோணும், உழைச்ச ரெண்டு பேருக்கும் சம்பளம் போடோணும். தங்கச்சி விட்ட பிறகு மச்சான் அந்த வேலைக்கு ரெண்டு பேர சம்பளத்துக்கு வச்சிருக்கிறார், அப்ப அவட இத்தின வருசத்துக் கூலி என்ன எண்டு அவருக்கே தெரியும். மிச்சம் வாற லாபத்துக்கு ஒரு விலை பேசி, கடைய வச்சிருக்கிறவர் மற்றவருக்கு தவணையில குடுக்கலாம், சீசன் மாசங்களில கூட, மழைக்குக் குறைய.

பிரதேச செயலகத்தில பேர் பதிய வாற கலியாணம் கட்டின ஆக்களிட்ட "மற்றவர்ட பேரையும் போடுறீங்களா" எண்டு கவுண்டர்ல இருக்கிறவை ஒரு வார்த்தை கேட்டா நல்லம், காசா பணமா.

நான் மச்சானோட திரும்பக் கதைக்கிறதா இருக்கிறன். இந்த முறை ஜூலையில, கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் நிரம்பின பிறகு. கடன் கொப்பியையும் கொண்டு வரச் சொல்லியிருக்கு.

இப்படிக்கு,
உங்கட வாசகர் ஒருவர்,
திருகோணமலை