சாய்கோட்டில் சிக்கிய பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டக் கிராணியாக (கணக்கராக) இருந்து ஓய்வுபெற்றவன். கணக்கியல் டிப்ளோமா முடித்த என் பேத்தி, ஈப்போவில் ஒரு குமாஸ்தா வேலைக்கு இணையம் வழி விண்ணப்பித்தாள். இரவு பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினாள். பன்னிரண்டு அடிப்பதற்குள் மறுப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் எந்த அதிகாரி உட்கார்ந்து படித்திருப்பார்? விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்தான் தள்ளியிருக்க வேண்டும்.

அடையாள அட்டையில் அவள் பெயர், 'இன்னார் மகள்' என்பதன் மலாய்ச் சுருக்கமான 'ஏ/பி' போட்டு இருக்கிறது. படிவமோ சாய்கோட்டை ஏற்கவில்லை. குடும்பப் பெயரைக் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைப் போட்டாள். சான்றிதழில் ஒரு பெயர், படிவத்தில் வேறொரு பெயர். ஆள் எடுக்கும் பிரிவில் வேலை செய்யும் அண்டைவீட்டுத் தம்பி இன்னும் இரண்டு குறைகளைக் காட்டினார். தன்விவரத்தைப் பக்கத்தின் இடமும் வலமுமாக இரண்டு பத்திகளாக அழகாக அமைத்திருந்தாள்; சில மென்பொருள்கள் அதைக் குறுக்கே படித்துக் குழப்பிக்கொள்ளுமாம். விளம்பரம் ஆங்கிலத்தில் இருக்க, பாடப் பெயர்களை இவள் மலாயில் எழுதியிருந்தாள். எதனால் தள்ளினார்கள் என்று கேட்க ஆளில்லை.

நான் மட்டும் தவறே செய்யாதவனா? செக்ரோலில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், நான் பெயரை மாற்றி எழுதி, இரண்டு நாள் சம்பளம் விடுபட்டவர்கள் என் மேசை முன்னால் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். திருத்திக் கொடுத்தேன். சத்தம் போட அவர்களுக்கு ஒரு மேசை இருந்தது.

எந்திரத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது என்பார்கள். அமேசான் உருவாக்கிய தேர்வு மென்பொருள், பத்தாண்டுகளாக வந்த விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'பெண்கள்' என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு அது மதிப்பெண் குறைத்ததை 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. அதற்குள் அமேசானே அந்த மென்பொருளைக் கைவிட்டிருந்தது.

நியூயார்க் நகரில் 2023 முதல் இத்தகைய மென்பொருளுக்கு ஆண்டுதோறும் பாரபட்சம் உண்டா என்று தணிக்கை வேண்டும்; விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். நம் மலேசிய நாட்டில் 2024இல் வந்த செயற்கை நுண்ணறிவு வழிகாட்டி கட்டாயமானதல்ல. மறுப்பு அனுப்பும்போது, படித்தது மனிதரா மென்பொருளா, காரணம் என்ன, மறுபடி பார்க்கச் சொல்ல எந்த எண்ணுக்கு அழைப்பது என்ற மூன்றையும் எழுத வேண்டும் என்று மனிதவள அமைச்சு விதி செய்யலாம்.

பேத்தி இப்போது எல்லாவற்றையும் ஒரே பத்தியாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். சாய்கோட்டை என்ன செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்