தரங்கம்பாடி கோட்டையோடு முடிந்துவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாள்களில் தரங்கம்பாடிக்கு வரும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதை, பக்கத்து ஊர்க்காரன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் டேனிஷ் கோட்டையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, அலையில் கால் நனைத்து, இது துறைமுகமாக இருந்த ஊர் என்பதையே அறியாமல் திரும்புவது மனத்தை வருத்துகிறது.

தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620-இல் டேனியர் கோட்டை கட்டுவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே ஊரும் கோயிலும் இருந்தன. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதி கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது.

கப்பல்கள் கரையை அணைய இங்கே ஆழம் கிடையாது. அலைமடிப்புக்கு அப்பால் அவை நங்கூரமிட்டு நிற்க, ஏற்றுமதித் துணிப்பொதிகளையும் வந்திறங்கிய சரக்குகளையும், ஏன், ஆளுநர்களையும்கூட, அலை கடந்து கொண்டுசேர்த்தவர்கள் இக்கரையின் படகோட்டிகளே. அவர்கள் கைத்திறன் இல்லாமல் இத்துறைமுகம் ஒரு நாள்கூட இயங்கியிருக்காது. கோட்டையின் பெருமையைப் பேசும்போது அவர்களைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டாமா? 2004 ஆழிப்பேரலையில் உற்றாரைப் பறிகொடுத்த பின்னும் இதே கடலை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களுக்கும் அந்த வரலாற்றில் உரிமை உண்டு.

அச்சு வரலாறும் அப்படித்தான். 1706-இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்குவின் முயற்சியால் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி நிறைவுற்றது. அச்சகத்தின் தேவைக்காகப் பொறையாறில் காகித ஆலையும் அமைந்தது. கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் அதன் நினைவாகவே நிற்கிறது. 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றபின் வணிகம் நாகப்பட்டினத்தை நாடிப்போய்த் துறை ஓய்ந்தது.

ஓசோன் காற்று வீசும் கடற்கரை என்ற விளம்பரம் இவ்வூருக்குத் தேவையே இல்லை. சொல்லிக்கொள்ள இத்தனை உண்மைகள் இருக்கின்றன. ஆகவே கடற்கரையிலும், ராஜ வீதியிலும், மாசிலாமணிநாதர் கோயில் அருகிலும் இவ்வரலாற்றைத் தெளிந்த தமிழில் கல்லில் பொறித்து வைக்கவும், படகோட்டும் மரபை அறிந்த மீனவ இளைஞர்களுக்கு முறையான பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக அமர்த்தவும் சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் இணைந்து முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொறையாறு வாசகர்