அந்த வாய்ஸ் மெசேஜ் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

தண்டையார்பேட்டையில் நம் கடைக்கு நாய்களைக் குளிப்பாட்ட அழைத்து வரும் உங்களில் பலருக்கு அந்த வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கும். எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். இங்கே குளிப்பாட்டிய பத்தாம் நாள் ஐந்து மாதப் பக் (pug) இன நாய்க்குட்டி ஒன்றுக்குக் கண்ணைச் சுற்றி முடி கொட்டிவிட்டது. "தெரு நாய்க்குப் போட்ட சீப்பையே வீட்டு நாய்க்கும் போடுறாங்க, அதுலதான் சொறி ஒட்டிக்கிச்சு" என்று அதை வளர்க்கும் அக்கா அந்த மெசேஜில் சொல்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குட்டியின் முகத்தில் முடி போனால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் சீப்பைச் சொன்னதுதான் மனதில் தைத்துவிட்டது.

நம்மிடம் பதினொரு சீப்புகள் இருக்கின்றன. ஒரு நாய்க்குப் போட்டது அன்றைக்கு இன்னொரு நாய்க்குப் போகாது. முடியை உருவி, சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, ப்ளீச்சிங் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, மாடியில் காயவைக்கிறோம். ட்ரிம்மர் பிளேடுக்கும் தனிக் கவனிப்பு உண்டு. தெரு நாய்களுக்கு நாங்கள் மருந்து போடுவது உண்மை, அதை நிறுத்தப்போவதும் இல்லை. அவற்றின் சீப்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கும், அது கடைக்குள்ளேயே வராது. அந்தக் குட்டி வந்த அன்று மழை என்பதால் சீப்புகள் சரியாகக் காயவில்லை, அது மட்டும் நடந்தது.

அக்காவையும் குட்டியையும் அழைத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு நானே போனேன். டாக்டர் குட்டியின் தோலை விரல்களால் பிதுக்கி, எண்ணெய் தொட்ட பிளேடால் லேசாக ரத்தம் கசியும் வரை சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவினார். என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். குட்டியூண்டு கேரட் போல நீண்ட உடம்பு, மேல்பக்கம் கட்டையான கால்கள், அவை மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத தோல் பூச்சி என்றார். பிறந்த முதல் சில நாள்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து வருவது. பெரும்பாலான நாய்களின் முடிக்கால்களில் கொஞ்சம் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த குட்டிகளில்தான் பெருகி முடியைக் கொட்டவைக்கும். சீப்பால் வருவதில்லை.

ஒட்டுகிற சொறி வேறு. அது சார்கோப்டிஸ் என்ற பூச்சியால் வருவது. காது ஓரம், முழங்கை என்று ராப்பகலாகச் சொறியும், மற்ற நாய்களுக்குப் பரவும், வளர்ப்பவர் கையிலும் சிவப்புப் புள்ளிகள் வரும். அதுவாக இருந்திருந்தால் அன்று வந்த எல்லோருக்கும் நானே போன் செய்திருப்பேன். வட்ட வட்டமாக முடி போகும் படர்தாமரையும் ஒட்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ரொம்பக் கவனம்.

டெமோடெக்ஸ் ஓரிரு திட்டுகளாக இருந்தால் பல குட்டிகளில் தானாகவே ஆறிவிடும். பரவினால் டாக்டர் எடை பார்த்து மாத்திரை தருவார். முடி முளைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்தும் பூச்சி இல்லை என்றால்தான் முடிந்தது. மருந்துக்கடையில் அரிப்புக்கு என்று கேட்டு ஸ்டீராய்டு வாங்கிப் போட்டால் இது இன்னும் பெருகும். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தைக் கண்ணளவில் கொடுக்கவே கொடுக்காதீர்கள், கோலி வகை நாய்களுக்கு நரம்பையே பாதிக்கும்.

மண்ணெண்ணெய், வண்டியின் கழிவு ஆயில் தடவுவதையும் தயவுசெய்து விடுங்கள். சொறிக்கு என்று ஆயில் பூசிய ராஜபாளையம் ஒன்று போன வருடம் வந்தது. அந்த ரோஸ் நிறத் தோல் வயிறு முழுக்கக் கொப்பளித்திருந்தது, தொட்டாலே நடுங்கியது. நக்கினால் விஷம் உள்ளேயும் போகும்.

இந்த மழை மாதங்களில் நம் பக்கம் அதிகம் வருவது ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்றுதான். பக்கின் முகமடிப்பு, காது, விரலிடுக்கில் புளித்த வாடை அடித்தால் அதுவாக இருக்கலாம். மருந்து ஷாம்பூ எழுதித் தந்தால் நுரையைப் பத்து நிமிடம் விட்டு அலசி, இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடையுங்கள். மனிதர்களின் ஷாம்பூ வேண்டாம். வாலடியை மட்டும் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள்.

மெசேஜ் சுற்றிய அதே வாரம் ராயபுரத்திலிருந்து ஆட்டோவில் பொமரேனியனைத் தூக்கி வந்த ஆயா, "எனக்கு உன்னத் தெரியாதா?" என்றார். அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லை. குரூப்பில் எங்களுக்காகப் பேசிய காசிமேட்டு அண்ணன்களுக்கும், ஒன்றும் கேட்காமல் வழக்கம்போல வந்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அப்புறம், ஒன்றாம் தேதியிலிருந்து குளியல் கட்டணம் 100 ரூபாய் கூடுகிறது. புண்ணோ முடி உதிர்வோ உள்ள நாய்க்கு டாக்டர் சீட்டு கொண்டு வாருங்கள்.

சீப்புகளைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள், மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.

அன்புடன்,
கடைக்காரர்