பழைய கேமை உயிரோட வெச்சிருக்கிற ஆளுங்களைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஜெயங்கொண்டத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். உங்க பேப்பர் தினமும் கடைக்கு வருது, காலைல ஷட்டரைத் தூக்கினதும் டீயோட அதைப் படிச்சிட்டுதான் ஸ்க்ரூடிரைவரையே கையில எடுப்பேன். கேம்னு வந்துட்டா நம்ம பேப்பர்கள்ல வர்றது ரெண்டே விஷயம்தான், பசங்க மொபைல் கேமுக்கு அடிமையாயிட்டாங்கன்னு ஒண்ணு, ஆன்லைன் ரம்மியில பணம் போச்சுன்னு இன்னொண்ணு. ரெண்டும் எழுத வேண்டியதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா கம்பெனி கைவிட்ட ஒரு பழைய கேமை, சம்பளம் எதுவும் வாங்காம, ராத்திரி ராத்திரியா உக்காந்து ரிப்பேர் பண்ணி, பேட்ச்னு சொல்ற திருத்த ஃபைல் போட்டு, யார் வேணா எடுத்துக்கோன்னு குடுக்கிற ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க, அவங்களைப் பத்தி தமிழ்ல ஒரு வரி கூட நான் பேப்பர்ல பாத்ததில்ல. அதுக்காகத்தான் இந்தக் கடுதாசி.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ன்னு ஒரு கேம், ஊரைக் கட்டி படை திரட்டி சண்டை போடுறது. 1999ல வந்துச்சு, அடுத்த வருஷமே கான்கரர்ஸ்னு அதோட எக்ஸ்பான்ஷன், அதாவது கூடுதல் பாகம், வந்துச்சு. அமெரிக்காவுல டல்லாஸ்ல இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் பண்ணது, வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ப்ரௌசிங் சென்டர், ஆறு சிஸ்டம், மணிக்கு 20 ரூபா, ஆறையும் லேன்ல கோத்து விட்டிருப்பாங்க. சாட்ல 11ன்னு அடிச்சு எண்டர் தட்டினா ஆறு ஸ்பீக்கர்லயும் ஒரே நேரத்துல ஒரு ஆள் கெக்கெக்கேன்னு சிரிப்பான், கடைக்கார அண்ணன் உள்ள இருந்து டேய்னு கத்துவாரு. அதுல நாம எடுத்து ஆடறதுக்கு மொத்தம் 18 நாகரிகம், அதுல இந்தியா கிடையாது. யானைப்படை வேணும்னா பெர்சியாவைத்தான் எடுக்கணும், அதனால பெர்சியா யாருக்குங்கிறதுல தினம் சண்டை வரும்.

அப்புறம் காலம் மாறிச்சு. 2009 ஜனவரியில என்செம்பிள் ஸ்டுடியோவையே மூடிட்டாங்க. அதே வருஷம்தான் விண்டோஸ் 7 வந்துச்சு. நான் கடை போட்ட புதுசுல ஒரு வாத்தியார் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தாரு, சார் பையன் ஏதோ பண்ணிட்டான், கீழ இருக்கிற பட்டையும் காணோம் ஒரு ஐக்கானும் இல்ல வைரஸ் வந்துடுச்சுன்னு பதறிட்டு நின்னாரு. வைரஸ் எல்லாம் இல்ல. பையன் இந்த கேமை விளையாடறதுக்காக டாஸ்க் மேனேஜர்ல போய் எக்ஸ்ப்ளோரரை எண்ட் பண்ணியிருக்கான். ஏன்னா இந்த கேம் ஒரே நேரத்துல 256 கலரை மட்டும் வெச்சு ஓடுறது, 256 கட்டம் இருக்கிற ஒரு பெயிண்ட் டப்பான்னு வெச்சுக்கங்க, எந்தக் கட்டத்துல எந்தக் கலருன்னு கேம் அடுக்கி வெச்சிருக்கும், விண்டோஸ் 7ல டெஸ்க்டாப்பைக் காட்டுற எக்ஸ்ப்ளோரர் நடுவுல பூந்து சில கட்டத்துல தன்னோட கலரைப் போட்டுடும், உடனே புல்லு ஊதா ஆயிடும், தண்ணி புள்ளி புள்ளியா கண்டபடி மின்னும். எக்ஸ்ப்ளோரரை நிறுத்திட்டா கேம் ஒழுங்கா தெரியும், ஆனா கம்ப்யூட்டர் மொட்டையா நிக்கும். அந்தப் பையனுக்கு எட்டாவதோ ஒம்பதாவதோ படிக்கிற வயசு தான் இருக்கும், நிறுத்தத் தெரிஞ்சிருக்கு, திரும்ப ஸ்டார்ட் பண்ணத் தெரியல.

இதோட போச்சா, ஸ்க்ரீன் சைஸ் வேற. கேம் தெரிஞ்சு வெச்சிருந்தது புள்ளிக் கணக்குல 800க்கு 600, 1024க்கு 768, 1280க்கு 1024, எல்லாம் அந்தக் காலத்து டப்பா மானிட்டர் சைஸ். நம்ம ஊர்ல அப்ப வித்த லேப்டாப் முக்கால்வாசி 1366க்கு 768. அதுல போட்டா படம் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டு குதிரை எல்லாம் பன்னி மாதிரி தெரியும். இதை யார் கிட்ட போய்ச் சொல்றது? கேமைப் பண்ண ஸ்டுடியோவே இல்ல.

இங்கதான் ரசிகர்கள் வந்தாங்க. யூசர் பேட்ச்னு ஒண்ணு வெளியிட்டாங்க. அவங்க கையில கேமோட சோர்ஸ் கோட், அதாவது கேமை எழுதின மூல நிரல், கிடையாதுங்கிறதை நல்லா கவனிங்க. சோர்ஸ் கோட் இருந்தா அது வீட்டோட ப்ளூபிரிண்டை வெச்சிக்கிட்டு வயரிங் ரிப்பேர் பண்ற மாதிரி. இவங்களுக்கு இருந்தது ஓடுற ஃபைல் மட்டும்தான், அதைத் திறந்தா வெறும் எண்ணா இருக்கும், அந்த எண்ணை எல்லாம் மெஷின் கட்டளையா மாத்திப் படிச்சு, எந்த இடத்துல கலரைப் போடுது எந்த இடத்துல ஸ்க்ரீன் அளவைக் கேக்குதுன்னு ஒவ்வொண்ணாத் தேடிக் கண்டுபிடிக்கணும். ப்ளூபிரிண்ட் இல்லாம சுவத்தைத் தட்டித் தட்டிப் பாத்தே வயர் எங்க ஓடுதுன்னு சொல்ற வேலை அது. 1024ங்கிற எண்ணை 1366ன்னு மாத்திட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, கீழ இருக்கிற பட்டன் பலகையோட படம் பழைய அளவுக்கு வரைஞ்சது, அதையும் நீட்டணும், நீட்டினா மவுஸ் க்ளிக் விழுற இடம் தள்ளிப் போகும், அதையும் சரி பண்ணணும், அதுக்கப்புறம் நெட்வொர்க்ல நாலு பேர் சேந்து ஆடும்போது நாலு பேர் கம்ப்யூட்டரும் ஒரே கணக்கு போடலன்னா ஆட்டம் அறுந்துடும், ஒரு ரிப்பேர் இன்னொண்ணைக் கெடுக்காம இருக்கான்னு ஆடி ஆடிப் பாக்கணும். நான் ஹார்டுவேர்காரன், மதர்போர்டுல சால்டரிங் வைக்கிறவன், எனக்குத் தெரியும் இது எவ்ளோ பொறுமை வேணுங்கிற வேலைன்னு.

அந்த வாத்தியார் லேப்டாப்புலயே நான் அந்த பேட்சைப் போட்டேன். பையனும் பக்கத்துலயே ஸ்டூல்ல உக்காந்திருந்தான். கேம் திறந்துச்சு, ஸ்க்ரீன் பூரா மேப்பு, ரெண்டு பக்கமும் விரிஞ்சு கிடக்கு, புல்லு பச்சையா இருக்கு, டவுன் சென்டர் பக்கத்துல ஆடு மேயுது, கீழ டாஸ்க்பார் பத்திரமா இருக்கு. பையன் ஒண்ணும் பேசல, வாத்தியார் தான், சார் இது கம்பெனி குடுத்ததான்னு கேட்டாரு. இல்ல சார், இவன மாதிரி விளையாடறவங்க பண்ணதுன்னேன். அவரு கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு நான் காசு வாங்கல.

இதுக்கு மேல நடந்தது தான் நம்ம ஊருக்கு முக்கியம். இன்னொரு ரசிகர் குழு, ஃபர்காட்டன் எம்பயர்ஸ்னு பேரு, அவங்களாவே அஞ்சு புது நாகரிகம் சேத்து 2012 டிசம்பர்ல இலவசமா வெளியிட்டாங்க, அதுல ஒண்ணு இந்தியா. அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட் கேமை எச்டி எடிஷனா ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில வித்தப்போ, இந்த ரசிகர்கள் பண்ணதையே ஃபர்காட்டன்ங்கிற பேர்ல அதிகாரபூர்வமா வெளியிட்டாங்க. அதாவது ஒட்டு போட வந்தவனைக் கூப்பிட்டு தறியிலயே உக்கார வெச்சுட்டாங்க. அவங்க அப்புறம் ஒரு ஸ்டுடியோவே ஆயிட்டாங்க, 2019ல இதே கேம் டெஃபினிட்டிவ் எடிஷன்னு புதுசா வந்துச்சு, அதுல அவங்க கை இருக்கு. 2022 ஏப்ரல்ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியான்னு ஒண்ணு விட்டாங்க, அதுல முன்னாடி இந்தியான்னு ஒண்ணா இருந்ததைப் பிரிச்சு திராவிடர்னு தனி நாகரிகம், உருமிங்கிற வளையுற வாளை வீசுற வீரன், திரிசடைன்னு பெரிய கப்பல், ராஜேந்திர சோழன் பேர்லயே ஒரு காம்பெய்ன், அதாவது கதையா ஆடுற ஆட்டம். ஆளைக் க்ளிக் பண்ணா தமிழ்ல பதில் சொல்றான்.

ஐயா, எங்க கடையில இருந்து கங்கைகொண்ட சோழபுரம் பைக்ல கால் மணி நேரம். அந்தக் கோயிலைக் கட்டினவன் பேரை, பெர்சியா யானைக்கு சண்டை போட்ட அதே கேம்ல பாத்தப்போ எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. கம்பெனி விட்டுட்டுப் போன பொருளை ரசிகர்கள் பேட்ச் போட்டு பேட்ச் போட்டு ஆள் குறையாம வெச்சிருந்தாங்க, அதனாலதான் திரும்ப அதைக் காசு போட்டு வளக்கலாம்னு கம்பெனிக்கே தோணிச்சுன்னு நான் நம்புறேன். நடுவுல எல்லாரும் விட்டுட்டுப் போயிருந்தா ராஜேந்திரனும் வந்திருக்க மாட்டான்.

இது ஒரு கேமோட கதை இல்ல. வாம்பயர் த மாஸ்கரேட் ப்ளட்லைன்ஸ்னு ஒண்ணு 2004 நவம்பர்ல, ஹாஃப் லைஃப் 2ன்னு ஒரு பெரிய கேம் வந்த அதே நாள்ல வந்துச்சு, ஏகப்பட்ட கோளாறோட. அடுத்த வருஷமே அதைப் பண்ண ட்ரோய்க்கா கம்பெனி மூடிடுச்சு. ஜெர்மனிக்காரர் ஒருத்தர் அதுக்கு பேட்ச் போட ஆரம்பிச்சு இருபது வருஷமா பண்ணிட்டு இருக்காரு, இப்ப ஜிஓஜிங்கிற கேம் விக்கிற தளத்துல அந்த கேமை வாங்கினா அவரோட பேட்சும் கூடவே வருது.

நான் கேக்கிறது இதான். ஒரு கேமை இனி பாக்கப் போறதில்லன்னு கம்பெனி முடிவு பண்ணிட்டா, அதோட சோர்ஸ் கோடை வெளியில குடுத்துடணும். நடக்காத காரியம் இல்ல. டூம் கேமோட கோடை 1997 டிசம்பர்லயே ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்டுச்சு, அதனாலதான் இன்னைக்கும் எந்தப் புது மெஷின் வந்தாலும் அதுல டூம் ஓடுது. 2025 பிப்ரவரியில ஈஏ கம்பெனி கமாண்ட் அண்ட் காங்கர் ஜெனரல்ஸோட கோடைக் குடுத்துச்சு, நம்ம ப்ரௌசிங் சென்டர் பசங்க எத்தனை பேர் அதை ஆடியிருப்பாங்க. கோடைத்தான் குடுத்தாங்க, படம் சத்தம் எல்லாம் கம்பெனிக்குத்தான் சொந்தம், கேமைக் காசு குடுத்து வாங்கினாத்தான் ஆட முடியும், அப்ப கம்பெனிக்கு என்ன நஷ்டம்? கோடு குடுக்க முடியலன்னா பரவால்ல, பேட்ச் போடுறவங்க மேல வக்கீல் நோட்டீஸ் விடாம இருந்தாலே போதும். நல்ல பேட்ச் போடுறவங்க கேமைத் திருடிக் குடுக்கிறதில்ல, உன் கிட்ட ஒரிஜினல் இருந்தா இதைப் போட்டுக்கோன்னு தான் குடுக்கிறாங்க. அந்த ப்ரௌசிங் சென்டர்ல ஓடினது எல்லாம் காப்பி சிடி தான், அதையும் மறைக்காம சொல்லிடறேன், சம்பாதிக்க ஆரம்பிச்சப்புறம் ஸ்டீம்ல காசு குடுத்து வாங்கினேன்.

பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. பேட்ச்னு பேர் போட்டு வைரஸும் வருது, எங்க கடைக்கு அப்படி வர்ற சிஸ்டம் நிறைய. பேட்ச் போட்டவங்க தாங்களே வெச்சிருக்கிற இடத்துல இருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்க, போடறதுக்கு முன்னாடி கேம் ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுன்னு எவனாவது சொன்னா என்ன ஏதுன்னு விசாரிக்காம பண்ண வேணாம்.

அந்த வாத்தியார் பையன் இப்ப இன்ஜினியரிங் முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல வேலையில இருக்கான். ஊருக்கு வந்தா கடைக்கு வருவான். உங்க பேப்பர்ல இதைப் பத்தி எழுதறதா இருந்தா யாராவது நிருபரை அனுப்புங்க ஐயா, அந்தப் பழைய விண்டோஸ் 7 சிஸ்டம் ஒண்ணு இன்னும் கடையில ஓடுற நிலைமையில இருக்கு, பேட்ச் இல்லாம ஒரு தடவை பேட்ச் போட்டு ஒரு தடவைன்னு ரெண்டையும் ஓட்டிக் காட்டுறேன். ஞாயித்துக்கிழமை கடை லீவு, மத்த நாள் எப்ப வேணா வரலாம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரன்,
ஜெயங்கொண்டம்