அவள் பார்த்த கடல்நாய்

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோபப்படாதே. நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் படுக்கையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்ததா? உன் மகனின் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்து இங்கே எல்லாருக்கும் சந்தோஷம்.

சின்னவளைப் பற்றிக் கேட்டிருந்தாய், எனக்கும் அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எட்டு வயதாகிறது. வீட்டில் நம் தமிழ், வாசலைத் தாண்டினால் அசல் டீசைட் இங்கிலீஷ், அதாவது இங்கிலாந்தின் வடகிழக்கில், எங்கள் மிடில்ஸ்பரோ இருக்கிற டீஸ் ஆற்றங்கரை ஊர்களின் பேச்சு. ‘ஒர்க்’ என்பதை ‘வேர்க்’ என்பாள். ஒன்றுமில்லை என்றால் ‘நௌட்’. நாலைந்து பேரைச் சேர்த்துக் கூப்பிட ‘யூஸ்’.

போன மாதம் சீல் சாண்ட்ஸுக்குக் கூட்டிப் போனோம். ஆறு கடலில் சேரும் இடம், ஒரு பக்கம் கெமிக்கல் ஆலைகள், அதற்கு முன்னாலேயே சேற்றுமேட்டில் கடல்நாய்கள் ஒரு கவலையும் இல்லாமல் படுத்துக் கிடக்கின்றன. அன்று ராத்திரி அவள் தூங்கவே இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் கையைத் தூக்கி ‘ஐ சீன் எ சீல், மிஸ்’ என்று ஆரம்பித்திருக்கிறாள். ‘ஐ சா’ என்று டீச்சர் திருத்தினாராம். இவளும் ‘ஐ சா’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எத்தனை கடல்நாய், எவ்வளவு பெரிசு, அது இவளைப் பார்த்ததா, எதையும் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் கையே தூக்குவதில்லை என்று அவள் தோழிதான் என்னிடம் சொன்னாள்.

அதே டீச்சர் பெற்றோர் கூட்டத்தில், வீட்டில் தமிழ் பேசுவதை விட்டுவிடாதீர்கள், அது பெரிய சொத்து என்று மனதாரச் சொன்னவர். நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் பிள்ளையின் ஒரு மொழி சொத்து, இன்னொன்று அழுக்கு என்று ஆகிவிட்டதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1975-ல் இங்கே பள்ளிகளில் இங்கிலீஷ் கற்பிப்பதைப் பற்றி புல்லக் அறிக்கை என்று ஒன்று வந்தது. பள்ளி வாசலைத் தாண்டும்போது வீட்டு மொழியையும் பண்பாட்டையும் உதறிவிட்டு வா என்று எந்தக் குழந்தையிடமும் எதிர்பார்க்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். நம்மைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களை நினைத்து எழுதிய வரி. இந்த ஊரிலேயே நாலு தலைமுறையாக இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாதா?

இது ஒரு டீச்சரின் பழக்கம் மட்டுமில்லை. 2013-ல் இதே மிடில்ஸ்பரோவில் ஓர் ஆரம்பப் பள்ளி, பிள்ளைகள் ‘யூஸ்’, ‘கிஸிட்’ என்றெல்லாம் சொன்னால் வீட்டிலேயே திருத்துங்கள் என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பியது. அதே வருஷம் பர்மிங்ஹாம் பக்கம் ஹேல்ஸோவெனில் இன்னொரு பள்ளி, அந்த வட்டாரப் பேச்சில் சிலவற்றை வகுப்பில் சொல்லவே கூடாது என்று பட்டியல் போட்டது.

‘யூஸ்’ மேல் என்ன குற்றம், நீயே சொல். ஒருவரைக் கூப்பிட்டாலும் ‘யூ’, ஊரையே கூப்பிட்டாலும் ‘யூ’ என்பது இங்கிலீஷில் இருக்கிற ஓட்டை. அதை இந்த ஜனங்கள் அடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இரும்பு வேலைக்கு வந்த அயர்லாந்துக்காரர்களோடு வந்த சொல் என்கிறார்கள். 1801-ல் இந்த ஊரில் இருந்ததே 25 பேர். அப்புறம் இரும்பும் எஃகும் எங்கெங்கிருந்தோ ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய பேச்சுதான் இது. அடுத்து வந்தவள் என் மகள். ‘கிஸிட்’ என்பதைப் பிரித்தால் ‘கிவ் அஸ் இட்’, ‘எங்களுக்குக் கொடு’ என்று வரும், கேட்கிறவள் ஒருத்திதான். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த நீயும் ‘எங்க அம்மா’ என்றுதானே சொன்னாய், ‘என் அம்மா’ என்று ஒருநாளாவது சொல்லியிருப்பாயா? ஜூலியா ஸ்னெல் என்ற மொழியியல் ஆய்வாளர் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளோடு நெடுநாள் இருந்து கேட்டிருக்கிறார். பொது இங்கிலீஷ் தெரியாமல் அவர்கள் இப்படிப் பேசவில்லை, இரண்டும் தெரியும், எங்கே எது வேண்டுமோ அதை எடுக்கிறார்கள் என்கிறார்.

எனக்கு இது வேலையில் தெரிந்த விஷயம். வார்டில் எஃகு ஆலையில் உழைத்த தாத்தாக்கள் வருவார்கள், 2015-ல் மூடிய ரெட்கார் ஆலையில் இருந்தவர்களும் உண்டு. வலிக்கிறதா என்று கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே ‘நௌட்’ என்பார்கள். அந்தச் சொல்லை அவர்கள் சொல்கிற விதத்தை வைத்தே டாக்டரைக் கூப்பிடலாமா என்று எனக்குத் தெரிந்துவிடும். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

சரி, பரீட்சையில் ‘ஐ சீன்’ என்று எழுதினால் மார்க் போகும், வேலைக்குப் போகிற இடத்திலும் பொது இங்கிலீஷ் வேண்டும். அதைக் கண்டிப்பாகச் சொல்லித் தரட்டும். நோட்டில் திருத்தட்டும், எங்கே எது பொருந்தும் என்று உட்காரவைத்துப் பேசட்டும். கதை சொல்ல வாய் திறந்த பிள்ளையை முதல் சொல்லிலேயே நிறுத்த வேண்டாம் என்பதுதான் நான் கேட்பது.

ஏட்டி, சென்னை ஹாஸ்டலில் முதல் வாரம் நீ ‘குடிக்க வெள்ளம் வேணும்’ என்று கேட்டது நினைவிருக்கிறதா? ‘மலையாளியா?’ என்று சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க நாம் இரண்டு பேரும் மெஸ்ஸில் வாய் திறக்காமல் சைகையிலேயே தண்ணீர் கேட்டோம். அவள் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு அந்த மெஸ் மேசைதான் கண்முன்னால் வந்தது.

வியாழக்கிழமை டீச்சரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். சண்டை போடப் போகவில்லை. கடல்நாய்க் கதையை அவள் முழுதாகச் சொல்ல ஒரு பத்து நிமிஷம் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். நீ இத்தனை வருஷமாக வகுப்பில் நிற்பவள், உன் பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் பதில் சொன்னால் நீ என்ன செய்வாய்? வியாழனுக்குள் எழுது, முடியாவிட்டால் ஃபோன் பண்ணு.

அன்புடன்,
உன் மேரி