சதவீதம் கேட்காதீர்கள், அவகாசம் கொடுங்கள்

பழைய மென்பொருள்களின் பராமரிப்புக்குப் பொறுப்பேற்றிருக்கும் திட்ட மேலாளர்களுக்கு,

வணக்கம். இந்தக் காலாண்டுக்குள் யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் நிரல்) கவரேஜ் 80 சதவீதத்தைத் தொட வேண்டும் என்று எங்கள் குழுவுக்கு ஒருமுறை உத்தரவு வந்தது. தொட்டுக் காட்டினோம். எப்படி என்று யாரும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

சோதனையின்போது எத்தனை வரிகள் ஓடின என்பதைத்தான் கவரேஜ் அளக்கிறது. அவை தந்த விடை சரிதானா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே, ஃபங்ஷனை (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதியை) அழைத்துவிட்டு விடையை எதனோடும் ஒப்பிடாமல் முடிந்துபோகும் டெஸ்ட்களை எழுதிக் குவித்தோம். அவற்றில் ஒன்றுகூட இதுவரை சிவப்பானதில்லை, அதாவது தோற்றதில்லை.

உண்மையில் சோதிக்க வேண்டியிருந்தது, தாமதமான தவணைக்கு அபராத வட்டி போடும் ஒரு நீளமான ஃபங்ஷன். இன்றைய தேதியை அது தானே கணினியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். டேட்டாபேஸையும் தானே திறக்கும். பிப்ரவரி 29 அன்று அது என்ன கணக்குப் போடும் என்றறிய, அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது சர்வரின் கடிகாரத்தையே திருப்பி வைக்க வேண்டும். தேதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும். மாற வேண்டியவை சில வரிகள்தான், ஆனால் டெஸ்ட் இல்லாமல் நிரலைத் தொட அச்சம், நிரலைத் தொடாமல் டெஸ்ட் எழுத வழியில்லை என்ற முடிச்சை அவிழ்க்கத்தான் நாட்கள் பிடிக்கின்றன. சரியோ தவறோ, இன்று அது தரும் விடைகளை முதலில் அப்படியே பதிவுசெய்து, அவை மாறாதபடி பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக நகர வேண்டியிருக்கிறது. (பதிவான விடையே தவறென்று தெரிந்தால் திருத்துவதா வேண்டாமா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு, புரோகிராமரின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.)

இதெல்லாம் வீண் செலவு என்று நினைப்பவர்கள், அமெரிக்காவின் நைட் கேபிடல் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். 2003க்குப் பிறகு பயன்படுத்தாத ஒரு வசதியின் நிரலை அவர்கள் நீக்காமல் விட்டிருந்தார்கள். 2005இல், நிறைவேறிய ஆர்டர்களை எண்ணும் பகுதியை வேறிடத்துக்கு நகர்த்தியபோதும் அந்தப் பழைய வசதியை மறுபடி சோதித்துப் பார்க்கவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று, எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறாமல் போக, அதில் பழைய நிரல் உயிர்பெற்று, எங்கே நிறுத்துவதென்று அறியாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிட வர்த்தகத்தின் விளைவாக 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. ஒழுங்கான ஒரு யூனிட் டெஸ்ட் இருந்திருந்தாலும், சர்வரில் ஏற்றியதில் நடந்த பிசகு நேர்ந்தே இருக்கும். ஆனால், எண்ணும் பகுதியை நகர்த்தியதால் பழைய வசதி ஆர்டர்களை நிறுத்தாது என்பது 2005லேயே தெரிந்திருக்கும்.

எனவே, மொத்த நிரலுக்கும் சேர்த்து ஒரு சதவீதத்தை இலக்காக வைப்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் கை வைக்கிறோமோ அந்த இடத்துக்கு மட்டும் விடையை ஒப்பிடும் டெஸ்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பல ஆண்டுகளாக யாரும் தொடாத, சிக்கலின்றி ஓடும் பகுதிகள் அப்படியே இருக்கட்டும். அபராத வட்டி ஃபங்ஷனில் ஒரு திருத்தம் அடுத்த ரிலீஸுக்கு மறுபடி வந்திருக்கிறது. அதற்கு நாங்கள் நான்கு நாட்கள் கேட்டிருக்கிறோம்; தயவுசெய்து அதை ஒரு நாளாகக் குறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புக் குழுவின் புரோகிராமர்